அச்சகத்து மாடி: சயானில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கூட்ட அரங்கு

மும்பைத் தமிழர்களுக்கு மண்டபப் பஞ்சம் இல்லை. நிச்சயதார்த்தம், காதுகுத்து, பஜனை, பொங்கல் விழா என்று எதைச் சொன்னாலும் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ சயானிலோ ஒரு கூடம் கிடைத்துவிடும். ஆனால் கூட்டத்தில் ஒருவர் சொல்லப்போவது இன்னொருவருக்குப் பிடிக்காமல் போகலாம் என்று தெரிந்துவிட்டால், அதே கூடத்தின் தேதிகள் எல்லாம் திடீரென்று நிரம்பிவிடும். மாதம் ஒரு கூட்டம் என்று நானும் நண்பர்கள் நால்வரும் ஆறு ஆண்டுகளாக நடத்தி வருவதில் ஒன்பது இடங்களின் படிகளை ஏறி இறங்கியிருக்கிறோம். பத்தாவதாக அமைந்த இடத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. இதுவரை அங்கே ஏழு கூட்டங்கள் நடத்திவிட்டோம். முதல் நாள் பார்த்த மயக்கத்தில் எழுதவில்லை.

சயான் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கித் தாராவித் தொண்ணூறு அடிச் சாலையை நோக்கி நடந்தால், ஒரு சந்துக்குள் பழைய அச்சகம் ஒன்று இருக்கிறது. கீழே கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அச்சாகின்றன. மேலே உள்ள நீளமான அறைதான் வாடகைக்கு வருவது. பெயர்ப்பலகை கிடையாது. "அச்சகத்து மாடி" என்று கேட்டால் தேநீர்க் கடைக்காரர் கை காட்டுவார். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், நான்கு மின்விசிறிகள், ஒரு மேசை, ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி: இவ்வளவுதான் வசதி. மூன்று மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் வாடகை, 500 ரூபாய் முன்பணம். இந்த வட்டாரத்துக்கு இது குறைந்த தொகை என்பதைத் தேடி அலைந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நாங்கள் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லாமல் இதன் தரத்தைச் சொல்ல முடியாது. தாராவிக் குடிசைப் பகுதியை இடித்துப் புதிய வீடுகள் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில், மாடி வீட்டில் குடியிருப்பவர்களின் நிலை என்ன என்பதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தோம். அருகிலேயே ஒரு பெரிய மண்டபத்தில் முன்பணம் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மேலாளர் அழைத்து, பேசப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் பேச்சின் எழுத்துப்படியையும் கேட்டார். இட்லி விற்கிற அம்மாவும் தோல் தைக்கிற தொழிலாளியும் எழுத்துப்படி வைத்துக்கொண்டா பேசுவார்கள்? அதைச் சொன்னபோது, "யாராவது வந்து கண்ணாடியை உடைச்சா யார் பொறுப்பு, நமக்கு எதுக்கு சார் வம்பு" என்று முடித்துவிட்டார். முன்பணம் பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. மேலாளர் கெட்டவர் அல்லர். எந்த அதிகாரியும் அவரிடம் எதையும் தடுக்கச் சொல்லவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்காமலே அவர் தணிக்கை அதிகாரியாகிவிட்டார் என்பதுதான் கவலைக்குரியது.

அவர் சொன்ன காரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே விடை சொல்லியிருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை முன்வைத்து. இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு வழங்கிய சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் ஓடினால் கலவரம் வரும், திரையரங்குகள் தாக்கப்படும் என்பது தமிழ்நாடு அரசின் வாதம். மிரட்டலுக்குப் பயந்து பேச்சை நிறுத்துவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும், எதிர்ப்பவர் கூட்டத்தைச் சமாளிக்க இயலாது என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பேச்சைத் தடுக்க வேண்டுமென்றால் அதனால் வரும் ஆபத்து, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் நெருப்புப் பொறியைப் போல அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு வைத்த அளவுகோல். அரசுக்கு இப்படி ஒரு கடிவாளம் இருக்கிறது. மண்டப மேலாளருக்கு இல்லை. தன் கூடத்தைத் தர மறுப்பது அவருடைய உரிமை. ஆகவே நீதிமன்றத்தில் வென்ற சுதந்திரம் வாடகை மேசையில் தோற்றுவிடக் கூடும்.

அச்சகத்து மாடியின் உரிமையாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். ஈய எழுத்துகளைக் கோத்துத் தொழில் கற்றவர். இடம் கேட்டுப் போனபோது நாங்களாகவே தலைப்பைச் சொல்லத் தொடங்கினோம். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "தம்பி, என்ன பேசப்போறீயன்னு நான் கேக்கல. எத்தனை மணிக்கு முடிப்பீய, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். பதிவு செய்ய வேண்டியவை மூன்றுதான்: பொறுப்பாளர் ஒருவரின் பெயர், கைபேசி எண், முடிக்கும் நேரம். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அண்ணாச்சியின் கணக்கில் அது ஒன்பதரை.

சுவரில் நீலப் பெயிண்டில் எழுதிய விதிகள் மூன்று. பேசுகிறவரை இடையில் நிறுத்தக் கூடாது. மறுக்க விரும்புகிறவருக்கும் அதே மைக் உண்டு. மைக் பிடிக்கக் கூச்சப்படுகிறவர் நோட்டில் எழுதலாம். மூன்றாவது விதியில் சொல்லும் நோட்டு, மேசையின் இடது ஓரத்தில் நூல் கட்டித் தொங்கும் நீள நோட்டு. அதற்கு மறுப்பு நோட்டு என்று பெயர். அடுத்த கூட்டத்தை யார் நடத்தினாலும், சென்ற முறை எழுதப்பட்ட மறுப்புகளை முதலில் உரக்கப் படித்துவிட்டுத்தான் தங்கள் நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும். தொடர்பே இல்லாத கூட்டமானாலும் படித்தாக வேண்டும். ஒரு முறை பிறந்தநாள் விழா நடத்த வந்த குடும்பம், கேக் வெட்டுவதற்கு முன் பழைய ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றிய இரண்டு மறுப்புகளைப் படித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

மாடி வீட்டுக் கூட்டம் நடந்த அன்று இந்த இடத்தின் உண்மையான மதிப்பு தெரிந்தது. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டிப் பெறும் வேறு ஏற்பாடுகள். காகிதத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. இட்லி விற்கும் ஓர் அம்மா எழுந்தார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கீழ மாவாட்டுதோம், மேல படுக்கோம். ஏணி உள்ளுக்குள்ள இருக்கு. நாங்க கீழ்வீடா, மேல்வீடா?" என்று கேட்டார். அறை அப்படியே அமைதியானது. கீழே கடை என்று எழுதினால் வீடு போய்விடுமோ, மேலே வீடு என்று எழுதினால் தாராவியே போய்விடுமோ என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். வந்திருந்த வழக்கறிஞரிடம் உடனடியான பதில் இல்லை. ஆனால் அதே ஏணி தங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று பதினோரு பேர் கை தூக்கினார்கள். அதுவரை அவரவர் வீட்டுக் கவலையாக இருந்தது, அந்த நிமிடத்தில் பொதுக் கேள்வியாயிற்று. மறுவாரம் கையெழுத்துகளோடு மனுவாகவும் போயிற்று.

அவருக்கு அடுத்துப் பேசியவர் நேர் எதிராகப் பேசினார். காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று நின்று தன் வயது போய்விட்டதென்றும், இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் இந்தத் தலைமுறையும் வரிசையிலேயே நிற்கும் என்றும் சொன்னார். பாதிக் கூட்டம் முணுமுணுத்தது. அண்ணாச்சி சுவரைக் காட்டினார். அந்த மனிதர் சொல்லி முடித்தார். அவரையும் கேட்டிராவிட்டால், எங்கள் மனுவில் "பணி தாமதமாகாத வகையில்" என்ற வரி சேர்ந்திருக்காது. பேச்சுரிமையைப் பெரிய தத்துவமாக விளக்குகிறவர்களுக்கு இந்த இரண்டு பேச்சுகளும் போதிய விளக்கம் என்று நினைக்கிறேன். அதிகாரத்தில் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத தகவல் கீழே இருப்பவர்களிடம் இருக்கிறது. அது வாய்வழியாக வெளிவராவிட்டால் வேறு வழியில்லை. சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள மக்களாட்சி நாட்டில் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொல்வதன் அடிப்படையும் இதுவே. 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தபோது ஆட்சியாளர்கள் அதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் ஆகஸ்டில் படங்களை வெளியிட்ட பிறகுதான் மூடிமறைக்க முடியாமல் போனது.

ஏன் இவ்வளவு துணிச்சலாக இடம் தருகிறீர்கள் என்று ஒரு நாள் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. தன் ஊர்க்காரரான வ.உ.சி.யின் வழக்கைச் சொன்னார். 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தது. ஒன்று அவர் பேசியதற்கு. மற்றொன்று, பேசிய சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்கு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது வேறு கதை. அதே ஜூலை 22 அன்று இங்கே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் திலகருக்கு, எழுதியதற்காக ஆறு ஆண்டு நாடுகடத்தல். ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டு ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "பேசினவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை இடம் குடுத்தவனுக்கும். அப்போ ரெண்டும் ஒரே எடைதானே" என்றார் அண்ணாச்சி. இடம் கொடுப்பதும் பேச்சின் பாதி என்று வெள்ளைக்கார நீதிபதிக்குப் புரிந்திருக்கிறது, நம் மண்டபக்காரர்களுக்குப் புரியவில்லை.

அவசரநிலை அறிவிக்கப்பட்ட 1975இல் அவர் அச்சுக்கோக்கும் சிறுவன். பத்திரிகைகள் முதலில் வெட்டிய பகுதியை வெறுமையாக விட்டு எதிர்ப்பைக் காட்டியதையும், பிறகு வெற்றிடம் விடவும் கூடாது என்று உத்தரவு வந்ததையும் சொல்லுவார். வெட்டிய காயம்கூடத் தெரியக் கூடாது என்பதே தணிக்கையின் ஆசை. அந்தக் காலத்திலும் பம்பாய் உயர் நீதிமன்றம் வளைந்துகொடுக்கவில்லை: மினு மசானியின் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' இதழிலிருந்து நீக்கப்பட்ட கட்டுரைகளுக்காகத் தொடுத்த வழக்கில், 1976 பிப்ரவரியில் தணிக்கை அதிகாரியின் உத்தரவுகளைச் செல்லாதவை ஆக்கியது. இந்த ஊருக்கும் நமக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று 1950இல் சென்னை மாநில அரசு தடை போட்டது. வெளியிடும் உரிமை மட்டும் இருந்து பரப்பும் உரிமை இல்லாவிட்டால் அதற்குப் பெரிய மதிப்பில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் கட்டுப்பாடுகளின் பட்டியலில் சேர்த்தது. கொடுத்த கையே கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் நுழைந்தது.

இனி, எனக்கு முதலில் பிடிக்காமல் போன ஒன்று. நான்காவது கூட்டத்தில் ஒருவர், தான் எதிர்க்கும் ஒரு குடும்பம் குடியிருக்கும் சந்தின் பெயரையும் கதவு எண்ணையும் மைக்கில் சொல்லி, "இப்பவே கெளம்புவோம், நாலு பேர் வாங்க" என்றார். அண்ணாச்சி எழுந்து போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இடையில் நிறுத்தக் கூடாது என்ற விதியை எழுதியவரே மீறலாமா என்று நான் சத்தம் போட்டேன். "அது பேச்சில்ல தம்பி, கூப்பாடு" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்தபோது கோபம் தணிந்தது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் ரத்து செய்த தீர்ப்பில், விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, குற்றம் செய்யத் தூண்டுவது என்று உச்ச நீதிமன்றம் மூன்றாகப் பிரித்து, மூன்றாவதைத் தொடும்போதுதான் சட்டம் கை வைக்கலாம் என்றது. அந்த வழக்குக்கு வித்திட்டதும் இந்தப் பக்கத்து நிகழ்வுதான். 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை ஏன் இப்படி முடங்க வேண்டும் என்று பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார், இன்னொரு பெண் அதற்கு விருப்பம் தெரிவித்தார், இருவரும் கைதானார்கள். கேள்வி கேட்டவரைக் கைது செய்வதற்கும் கதவு எண்ணைச் சொல்லி ஆள் திரட்டுபவரின் மைக்கை அணைப்பதற்கும் உள்ள தூரத்தை அண்ணாச்சி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே அளந்துவிட்டார். மைக் அணைக்கப்பட்டவர்கூட நோட்டில் தன் மறுப்பை ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டுத்தான் போனார், அதுவும் அடுத்த கூட்டத்தில் படிக்கப்பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். படிக்கட்டு இரும்பால் ஆனது, செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்களை இருவர் தாங்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. எல்லோரும் பேசலாம் என்று சுவரில் எழுதிவிட்டு, எல்லோரும் ஏற முடியாத படியை வைத்திருப்பது பொருந்தவில்லை. கீழ்த்தளத்தில் ஒரே ஒரு கழிப்பறை. பெண்கள் அதிகம் வருகிற கூட்டத்துக்கு அது போதவே போதாது. மைக் ஈரக் காற்றில் கீச்சிடும். மழைக்காலத்தில் சொந்த மைக் கொண்டுபோவது நல்லது. கீழே அச்சு இயந்திரம் ஓடினால் மேசை அதிரும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கேட்டு வாங்குங்கள். வண்டி நிறுத்த இடமில்லை. மறுப்பு நோட்டிலும் ஒரு குறை உண்டு: தமிழில் மட்டுமே எழுதலாம் என்று அண்ணாச்சி பிடிவாதமாக இருக்கிறார். இங்கே பிறந்து வளர்ந்து, மராத்தியிலும் இந்தியிலும் படித்த பிள்ளைகள் பேசும் தமிழை எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மறுப்புதான் நமக்கு அதிகம் தேவை. இதை நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரித்தார், மாற்றவில்லை.

நாடகக் குழுக்களுக்கு ஒரு சொல். மகாராஷ்டிரத்தில் மேடை நாடகத்தின் எழுத்துப்படியை முன்கூட்டியே அரசின் நாடகத் தணிக்கை வாரியத்திடம் கொடுத்துச் சான்று பெறும் முறை இருக்கிறது. அண்ணாச்சி கேட்க மாட்டார் என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அடக்கத் தமிழ்நாட்டில் கொண்டுவந்த 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை ஆக்கியது. அந்த நினைப்பில் இங்கே வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முன்பதிவுக்கு நேரில்தான் போக வேண்டும். அறிமுகமில்லாதவர்களுக்குக் கைபேசியில் தேதி தர மாட்டார். காலை பதினொரு மணிக்கு மேல் போனால் பென்சிலில் எழுதிய நாட்குறிப்பை எடுத்துப் புரட்டுவார். ஜிபே வாங்குகிறார். சென்ற கூட்டத்தின் தொடக்கத்தில் மறுப்புகளைப் படிக்கும் முறை எனக்கு வந்தது. முதல் மறுப்பே என்னைப் பற்றியது: முந்தைய மாதம் நான் சொன்ன ஒரு கணக்கு தவறு என்று, பெருக்கிக் கூட்டி, அழகான கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். கணக்கு தவறுதான். கீச்சிடும் அந்த மைக்கில் அதை முழுவதும் படித்தேன். கூட்டம் முடிந்து முன்பணத்தைத் திரும்பக் கேட்டபோது, நாற்காலி ஒன்றின் கால் விரிசல் விட்டதற்காக 50 ரூபாய் பிடித்துக்கொண்டு 450 ரூபாய் தந்தார்கள்.